கூட வந்தவரை வெளியே உட்கார வையுங்கள்: சிங்கப்பூரின் தமிழ் பேசும் மருத்துவ ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் தனியார் மருந்தகங்களிலும் வேலை செய்யும் தமிழ் பேசும் மருத்துவர்களுக்கு, தாதியருக்கு, பல் மருத்துவர்களுக்கு, எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு, முகப்பில் பெயர் பதிபவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் துணையாக மருத்துவமனைக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கும் போய்வரும் தொண்டூழியர்களில் நான் ஒருத்தி. தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பதும், வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், பாரம் நிரப்பிக் கொடுப்பதும்தான் பெரும்பாலும் என் வேலை. அப்படி உட்கார்ந்திருக்கும் நேரங்களில் உங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சாப்பிடாமல் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மேல் மரியாதை இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் இந்த நாட்டில் நன்றாகவே வலுப்பெற்றிருக்கிறது. 24 மணி நேர உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். ஆனால் நான் சந்திக்கும் பெண்களில் பலர் அந்த எண்ணைக் கேள்விப்படுவதற்கு முன்பே உங்களில் யாரையாவது பார்த்திருக்கிறார்கள். தலைவலி என்று வந்திருப்பார்கள். கை வீங்கியிருக்கிறது என்று வந்திருப்பார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்திருப்பார்கள். "யாரும் ஒண்ணும் கேக்கல அக்கா" என்று பிறகு என்னிடம் சொல்வார்கள். குறையாகக்கூடச் சொல்வதில்லை, மருத்துவமனையில் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று அவர்களே முடிவு செய்துவிட்டதுபோலச் சொல்வார்கள்.

கணவனுடைய கண்காணிப்பில் இருக்கும் ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் மாமியார் கூட வருவார். கோயிலுக்குக் குடும்பமாகத்தான் போவார்கள். ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசினால் வாட்ஸ்அப் ஸ்பீக்கரில் இருக்கும். கைப்பேசியின் கடவு எண் கணவனுக்குத் தெரியும். குடும்ப சேவை நிலையத்துக்குப் போகிறேன் என்று அவள் வாயைத் திறந்து சொல்லவே முடியாது. "டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று மட்டும் சொல்லலாம், அதற்கு யாரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. ஆனால் கூடவே ஒருவர் கிளம்பிவிடுவார், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர் அவர். கணவருக்கு இங்கே நல்ல வேலை, இவர் கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த டிபெண்டன்ட் பாஸில் இருந்தார். மணிக்கட்டு வீங்கிப்போய் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். எப்படி அடிபட்டது என்று தாதி ஆங்கிலத்தில் கேட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கணவர் பதில் சொன்னார். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோதும் கணவர்தான் ஓர் எண் சொன்னார். பிறகு வந்த மருத்துவர் தமிழர். அவர் பெயரைச் சட்டையில் பார்த்ததும் இந்தப் பெண்ணுக்கு உயிர் வந்த மாதிரி இருந்ததாம். மருத்துவர் கணவரிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்தான். இரண்டு பேரும் கல்லூரி, பேருந்து நிலையம் என்று பேசிக்கொண்டே இருக்க, கட்டுப் போட்டு முடிந்தது. கணவர் அவ்வளவு மரியாதையாக, அக்கறையாக நடந்துகொண்டார். "பார்த்து நடம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து வேறொரு மருத்துவமனை. இந்தத் தடவை விலாப் பக்கம் வலி. எக்ஸ்ரே எடுக்கும்போது கூட வந்தவர்களை உள்ளே விடுவதில்லை, கதிர்வீச்சு இருப்பதால். கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். எக்ஸ்ரே எடுத்தவர் ஒரு மலாய்ப் பெண், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. கவுன் மாட்டிவிடும்போது முதுகில் இருந்த பழைய தழும்பைப் பார்த்திருக்கிறார். உடனே எதுவும் சொல்லவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் நீ பாதுகாப்பாக இருக்கிறாயா என்று மிக எளிய ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் இந்தப் பெண்ணுக்குப் புரியும். இல்லை என்று தலையை ஆட்டினார். இன்னும் ஒரு கோணத்தில் படம் எடுக்க வேண்டியிருக்கிறது என்று கணவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, மருத்துவ சமூக ஊழியரை வேறு வழியாக உள்ளே வரவழைத்தார்கள். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். அதற்குப் பிறகுதான் இந்தக் கதையில் நான் வருகிறேன்.

தமிழ் தெரிந்தவர் இருந்த அறையில் நடக்காத ஒன்று, தமிழே தெரியாதவர் இருந்த அறையில் நடந்தது. கணவர் வெளியே இருந்தார், அவ்வளவுதான். இந்த மடலில் நான் கேட்பதும் அதைத்தான்: முதலில் அவளைத் தனியாகப் பாருங்கள். தமிழில் பேசுவது அதற்கு அடுத்தபடி. கூட வந்தவர் பக்கத்தில் நிற்கும்போது தமிழில் கேட்டால் அவருக்கும்தானே புரிகிறது?

கூட வந்தவரை எப்படி வெளியே அனுப்புவது, சண்டைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் வேலையிலேயே அதற்கு வழி இருக்கிறது. எடை பார்க்க வேண்டும், சிறுநீர் மாதிரி எடுக்க வேண்டும், ஸ்கேன் இருக்கிறது, உடைமாற்ற வேண்டும் என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். "இங்கே எல்லா பேஷண்டையும் முதல்ல தனியாத்தான் பார்ப்போம், நீங்க வெளியில உட்காருங்க, கூப்பிடுறோம்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் பெரும்பாலானவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சந்தேகப்பட்டுச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சந்தேகத்துக்கான விலையை வீட்டுக்குப் போனபின் கொடுப்பவள் அவள்தான். போகவே மாட்டேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், அதையும் ஓர் அறிகுறியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பற்றி எழுதும்போது 2016ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. மியான்மரிலிருந்து இங்கே பணிப்பெண்ணாக வந்த 24 வயதுப் பெண், அந்த ஆண்டு ஜூலையில் முதலாளி வீட்டில் இறந்தார். இறந்தபோது அவர் எடை வெறும் 24 கிலோ. முதலாளி குடும்பம் தமிழ்க் குடும்பம், நம் சமூகத்தில் பலர் அப்போது தலைகுனிந்து போனோம். வழக்கில் வெளிவந்த விவரங்களில் ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. இறப்பதற்கு ஏறக்குறைய இரண்டரை மாதத்துக்கு முன் அவர் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போகப்பட்டிருக்கிறார். கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கன்றிப்போயிருந்ததை, கால் வீங்கியிருந்ததை மருத்துவர் கவனித்தார். அடிக்கடி கீழே விழுவாள் என்று முதலாளி சொன்னார். மேற்கொண்டு பரிசோதனை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னதற்கு முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மருத்துவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கவனித்தார், கேட்டார், ஆனால் பதில் சொன்னது யார் என்பதுதான் விஷயம். அந்த வழக்குக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் முதல், இல்லப் பணிப்பெண்களின் ஆறு மாத மருத்துவப் பரிசோதனையில் உடல் எடைக் குறியீட்டையும் சந்தேகத்துக்கிடமான காயங்களையும் மருத்துவர்கள் பார்க்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்தது. பணிப்பெண்ணின் உடலைச் சந்தேகத்தோடு பார்க்கலாம் என்று ஆகிவிட்டபோது, மனைவியின் உடலை அப்படிப் பார்க்க நாம் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறோம்?

கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குடும்ப விஷயம், நாம் தலையிடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கேட்டால் கோபித்துக்கொள்வாளோ என்ற தயக்கம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்ற பயம். வெளியே நாற்பது பேர் எண் எடுத்துக் காத்திருக்கும்போது இதற்கு நேரம் எங்கே என்ற நியாயமான கேள்வி. உலகம் முழுக்க மருத்துவ ஊழியர்கள் சொல்லும் காரணங்கள் இவைதான். பயிற்சி இல்லாததும் பெரிய காரணம். மருத்துவக் கல்லூரியில் எலும்பு முறிவுக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு துளியைக்கூட, அந்த எலும்பை முறித்தது யார் என்று கேட்கும் முறைக்குக் கொடுப்பதில்லை என்று ஒரு மருத்துவரே என்னிடம் வருத்தப்பட்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் மருத்துவ ஊழியர்களுக்காகவே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வருகிற எல்லாப் பெண்களிடமும் கட்டாயம் கேள் என்று அது சொல்லவில்லை. வன்முறையால் வந்திருக்கக்கூடிய, அல்லது வன்முறையால் மோசமாகியிருக்கக்கூடிய ஒரு நிலை கண்ணில் பட்டால் கேள் என்கிறது. தனியாகக் கேள், நம்பிச் சொல்வதைக் காப்பாற்று, அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொண்டு கேள் என்கிறது. பெண்ணின் பிரச்சினையை முழுக்கத் தீர்த்து வை என்று எங்கேயும் சொல்லவில்லை. இது உங்களுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். கேட்பதும், நம்புவதும், அப்போதைக்கு உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பதும், மருத்துவ சமூக ஊழியரிடம் கைமாற்றுவதும்தான் உங்கள் பங்கு.

சரி, எப்படிக் கேட்பது? பாரத்தில் இருக்கும் சொற்களைத் தமிழாக்கி, "நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருக்கிறீர்களா" என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அறைவதும் முடியைப் பிடித்து இழுப்பதும் அவர்கள் மனதில் அந்தப் பெரிய பெயருக்குள் வருவதே இல்லை. "இந்த மாதிரி காயத்தோட வர்றவங்க எல்லார்கிட்டயும் நாங்க கேக்கறதுதான். யாராவது அடிச்சாங்களாம்மா?" என்று கேளுங்கள். "வீட்ல யாரையாவது பார்த்தா பயமா இருக்கா?" என்று கேளுங்கள். "கையில காசு வச்சுக்க விடுறாங்களா, அம்மாகிட்ட பேச விடுறாங்களா?" என்றும் கேட்கலாம். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். கணினியில் தட்டச்சு செய்துகொண்டே கேட்காதீர்கள், அந்த அரை நிமிடமாவது கையை எடுத்துவிடுங்கள்.

குரல் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் பேசினால் சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. முகப்பில் நின்றபடியே "யாரு அடிச்சா, புருஷனா?" என்று ஒருவர் முழுக் குரலில் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஆண்டிக்குத் தமிழ் தெரியும். தரை துடைத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கும் தமிழ் தெரியும். திரைச்சீலை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. கதவுள்ள அறை கிடைக்கும் வரை அந்தக் கேள்வி காத்திருக்கலாம். பிள்ளை கூட இருந்தால், பேசுகிற வயது வந்த பிள்ளையாக இருந்தால், பிள்ளையையும் கொஞ்ச நேரம் வேறு யாரிடமாவது விடுங்கள். குழந்தை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அப்படியே சொல்லும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிகிறதே என்று அதை மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒரு பகுதிக்கு வருகிறேன். அவள் வாய் திறந்து சொல்லிவிட்டாள் என்று வையுங்கள். அந்த நிமிடத்தில் நம்மவர்கள் பலர் தாதி என்பதிலிருந்து சட்டென்று பெரியம்மாவாகிவிடுகிறார்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, பிள்ளைங்க இருக்குல்ல." "வீட்டுக்கு வீடு வாசப்படி." "அவருக்கு வேலைல டென்ஷனா இருக்கும்." "அடிக்கிற கைதான் அணைக்கும்." சீன, மலாய் நோயாளியிடம் இப்படிப் பேச உங்களுக்குத் தோன்றாது. அங்கே நெறிமுறைப்படி நடந்துகொள்வீர்கள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள் என்பதால் இங்கே உரிமை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த உரிமையில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த அறிவுரை எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே மாமியாரிடமும் சித்தியிடமும் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். வெள்ளைச் சீருடையில் இருப்பவரும் அதையே சொன்னால், இனி யாரிடமும் சொல்லிப் பிரயோசனமில்லை என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். தாதியை மிஸ்ஸி என்று கூப்பிடும் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "மிஸ்ஸியே அப்படிச் சொன்ன பிறகு நாலு வருஷம் நான் யார்கிட்டயும் பேசலக்கா."

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "ஏன் இன்னும் அங்கேயே இருக்கே? கிளம்பி வந்துடு" என்று கோபப்படுவது. பிரிந்து போகும் சமயமும் போன கொஞ்ச நாளும்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தான காலம், பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. எப்போது, எப்படிப் போவது என்பதை அவளும் பயிற்சி பெற்ற சமூக ஊழியரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "நீங்க சொல்றதை நான் நம்பறேன். இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. இன்னிக்கு வீட்டுக்குத் திரும்பிப் போறது பாதுகாப்பா?" வேண்டாம், புகார் எதுவும் வேண்டாம் என்று அவள் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். எத்தனை தடவை சொல்வது, திரும்பித் திரும்பி அவனிடமே போகிறாளே என்று உங்களுக்கு அலுத்துப்போவது புரிகிறது. ஆனால் நீதிமன்றப் படி ஏறுகிற பெண்களில் பலர், எப்போதோ ஒரு நாள் ஒரு தாதி சொன்னதை வைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அந்தத் தாதிக்கு அது தெரியவே தெரியாது.

நம் சமூகம் சிறியது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். உங்களை சிராங்கூன் ரோட்டில், கோயிலில், யாருடைய கல்யாணத்திலாவது பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் அக்காவும் அவள் நாத்தனாரும் ஒரே இடத்தில் வேலை செய்யலாம். அதனாலேயே சில பெண்கள் தமிழ் ஊழியர் வேண்டாம், வேறு யாராவது பரவாயில்லை என்கிறார்கள். அப்படிக் கேட்டால் மனம் நோகாதீர்கள், ஏற்பாடு செய்து கொடுங்கள். கேட்காதவர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு, "நீங்க இங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டி உங்க சொந்தக்காரங்களுக்குப் போகாது. உங்களுக்கோ பிள்ளைக்கோ உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தையும் விடாமல் சொல்ல வேண்டும்.

காகிதமும் காட்டிக்கொடுக்கும். உதவி எண் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை மருந்துப் பையில் போட்டுக் கொடுத்தால், வீட்டில் பையைத் திறப்பது யார் என்று யோசியுங்கள். கணவனுடைய கைப்பேசி எண்ணுக்கு நினைவூட்டல் செய்தி போகிறதா, அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் அவன் கையில் இருக்கிறதா, மருத்துவப் பதிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் செயலியில் அவன் என்னென்ன பார்க்க முடியும் என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த சந்திப்பைப் பதியுங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க முடியாதபோது, அங்கேயே உங்கள் தொலைபேசியிலிருந்து பேச விடலாம்.

காயம் இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். உலக அளவில் பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. துணைவரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு அதிகம். மாதக்கணக்கில் தூக்கமில்லை, காரணம் தெரியாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, தாமதமாகத் தொடங்கும் கர்ப்பகாலப் பரிசோதனை, சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத பெண் என்று பல வேஷத்தில் அது உங்கள் முன்னால் வந்து உட்காரும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். கழுத்தை நெரித்தான் என்று ஒரு பெண் சொன்னால், "இப்ப ஒண்ணும் இல்லையே" என்று விடாதீர்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதா, கண்ணில் சிறு இரத்தப் புள்ளிகள் இருக்கின்றனவா, அந்த நேரத்தில் நினைவு தப்பியதா, சிறுநீர் தன்னையறியாமல் போனதா என்று கேளுங்கள். கழுத்து இரத்தக்குழாயில் ஏற்பட்ட கிழிசலால் சில நாள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். அதைவிட முக்கியம், கழுத்தை நெரித்தவன் பிறகு கொலையும் செய்யக்கூடும் என்பதற்கு இது மிக வலுவான முன்னறிகுறிகளில் ஒன்று. "சும்மா கோபத்துல கழுத்தைப் பிடிச்சாரு" என்று அவள் சாதாரணமாகச் சொல்வாள். நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே சமூக ஊழியரைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது.

கணவனின் பாலியல் வன்முறையும் அப்படித்தான். புருஷன்தானே என்ற பேச்சுக்குச் சட்டத்திலும் இடமில்லை. மனைவியை வன்புணர்ந்தால் குற்றமில்லை என்றிருந்த விலக்கு 2020 ஜனவரி 1 முதல் முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. போலிஸிடம் போவதா இல்லையா என்று அவள் முடிவெடுப்பதற்குள் மருத்துவம் காத்திருக்காது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடையை ஐந்து நாளுக்குள் எடுக்க வேண்டும். இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அடுத்தது, எழுதுவது. குடும்ப நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் குறிப்பில் இருக்கும் ஒரு வரி அங்கே எவ்வளவு கனக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இனி வன்முறை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் போடும் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு, நாம் பிபிஓ என்று சொல்வது, அதற்கு மனு செய்யும் பெண்ணிடம் பல நேரம் சாட்சி என்று யாரும் இருப்பதில்லை. பூட்டிய வீட்டுக்குள் நடந்தது. உங்கள் குறிப்பு மட்டும்தான் அவள் பக்கம் நிற்கும். "விழுந்ததால் காயம்" என்று எழுதியிருந்தால் அது அவளுக்கு எதிராகவே திரும்பும். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுங்கள்: "கணவர் பெல்ட்டால் முதுகில் அடித்தார் என்று நோயாளி கூறினார்." காயம் உடலில் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், என்ன வடிவம் என்று எழுதுங்கள், உடல் வரைபடத்தில் குறியுங்கள், அவள் சம்மதித்தால் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நிறத்தைப் பார்த்து இது மூன்று நாள் பழையது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கன்றிய காயத்தின் நிறம் வயதைத் துல்லியமாகச் சொல்லாது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் பிடிப்பார். அவள் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினாளா, கூட வந்தவர் வழியாகப் பேசினாளா என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

இதெல்லாம் சட்டக்காரர்கள் வேலை என்று நினைப்பவர்களுக்கு டாக்டர் கன்வல்ஜீத் சோயினை நினைவுபடுத்துகிறேன். எலும்பு, கை அறுவை சிகிச்சை மருத்துவர். நியமன நாடாளுமன்ற உறுப்பினரான முதல் பெண். 1995இல் குடும்ப வன்முறை மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அதில் இருந்த பல விஷயங்கள் மறு ஆண்டே, திருமணம், குடும்பம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்தில் செய்த திருத்தத்தில் இடம்பெற்றன. உடைந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவர்தான் இந்த நாட்டுச் சட்டத்தை அந்தத் திசையில் தள்ளிவிட்டார். 2023இல் நிறைவேறி 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடல், பாலியல் வன்முறையோடு மனத்தைச் சிதைக்கும் கொடுமையும் வன்முறைதான் என்று தெளிவாகச் சொல்கிறது. 18 வயதானவர் பாதுகாப்பு உத்தரவுக்குத் தானே மனு செய்யலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த மனைவிகளிடம் ஒரு பயம் எப்போதும் இருக்கும். பாஸ் கணவர் பெயரில், புகார் செய்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. அந்தப் பயத்தை வளர்ப்பது பெரும்பாலும் கணவர்தான். பாதுகாப்பு உத்தரவு கேட்பதற்குக் குடியுரிமை தேவையில்லை என்பதை நீங்கள் அவளிடம் சொல்லலாம். அதற்கு மேல் பாஸ் என்னவாகும், பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் ஊகத்தில் சொல்லாதீர்கள், தெரிந்தவர்களிடம் அனுப்புங்கள். தேசிய வன்முறை எதிர்ப்பு, பாலியல் துன்புறுத்தல் உதவி எண் 1800-777-0000, இரவு பகல் எந்நேரமும். உடனடி ஆபத்து என்றால் 999. மானியம் இல்லாததால் இவர்களுக்குக் கட்டணம் அதிகம், அந்தப் பில் கணவர் கைக்குத்தான் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பெண்ணுக்கு அலட்சியம் என்று பெயர் வைப்பதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

உங்களில் சிலருக்கு இந்த மடல் வேறு விதமாகப் படும் என்றும் எனக்குத் தெரியும். தாதியரில் பெரும்பாலோர் பெண்கள். இரவுப் பணி முடிந்து எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். சம்பள அட்டை யார் கையில் இருக்கிறது என்பதும். நோயாளியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க உங்கள் நாக்கு எழாமல் போவதற்கு அது காரணமாக இருந்தால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேலே சொன்ன எண் உங்களுக்கும்தான். உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியாது என்றால் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் பேவ், பெண்கள் உரிமைக்காக இயங்கும் அவேர் போன்ற வெளி அமைப்புகளிடம் சொல்லலாம்.

பிரிவுத் தலைவர்களாக, மூத்த தாதியராக, சொந்தமாக மருந்தகம் நடத்துபவர்களாக இருப்பவர்களிடம் நேரடியாகச் சில வேண்டுகோள். ஒவ்வொரு பெண் நோயாளியையும் முதல் சில நிமிடம் தனியாகப் பார்ப்பதை உங்கள் இடத்தில் வழக்கமாக்குங்கள், கூட வந்தவர்களுக்கு அறிவிப்புப் பலகையிலேயே அதை எழுதி வைத்துவிட்டால் எந்தத் தாதியும் வாதாட வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் யார், இரவு ஷிப்டில் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் முகப்பில் இருக்கட்டும். அகப்பட்ட தமிழரைக் கூப்பிடும் பழக்கம் வேண்டாம். பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, உதவி எண்ணைத் தமிழிலும் ஒட்டுங்கள். கூட வருபவர் பொதுவாக நுழையாத இடம் அது. மொழிபெயர்க்க வேண்டிய வாசகம் இருந்தால் எங்கள் தொண்டூழியர்கள் செய்து தருவோம். தமிழில் கேட்கப் பழகிக்கொள்ள உங்கள் ஊழியர்களோடு உட்கார ஆள் வேண்டுமென்றாலும் வருகிறோம், இரவுப் பணி முடியும் நேரமானாலும் சரி.

அன்புடன்,
குடும்ப நீதிமன்றத் துணைத் தொண்டூழியர் ஒருவர்
சிங்கப்பூர்